முழங்கால் யாருக்குச் சொந்தம்?

ஷெர்ம் லோலர் என்று ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் இருந்தார். 1924இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். 1946இல் கிளீவ்லாண்ட் அணிக்கு ஆட வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1948 கடைசியில் யாங்கீஸ் அவரைச் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸுக்குத் தள்ளியது. 1951இல் பிரௌன்ஸ் அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றியது. ஐந்து வருடத்தில் நான்கு அணி. ஒரு தடவைகூட அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு வரி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆள் முதலாளிக்கே பாத்தியம். விற்கலாம், மாற்றலாம், பெஞ்சில் உட்கார வைக்கலாம். ஆட்டக்காரருக்கும் ஓர் உரிமை இருந்தது: பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

லோலர் ஆடியது கேட்சர் இடத்தில். மட்டைக்காரருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடித்து, எழுந்து, திருப்பி எறிந்து, மறுபடியும் குத்துக்கால். ஓர் ஆட்டத்துக்கு நூறு தடவைக்கு மேல். அன்றைக்கு ஓர் அணிக்கு ஒரு சீசனில் 154 ஆட்டங்கள். முகக்கூண்டு, மார்புக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு வெயிலில் இதைச் செய்ய வேண்டும். அந்தக் கவசங்களுக்கு ஆட்டக்காரர்களே வைத்த செல்லப்பெயர், ‘அறியாமையின் கருவிகள்’. கொஞ்சமாவது விவரம் தெரிந்தவன் இதை மாட்டிக்கொள்வானா என்று அர்த்தம்.

மனிதரை இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி சரிதானா என்று ஒரு சந்தேகம் வரும். அதை 1922இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் சாமானியர் அல்லர், ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. டிக்கெட் விற்றார்கள், மைதானத்தில் விளம்பரம் எழுதினார்கள், ஆளையே விற்றார்கள். ஆனாலும் அது வணிகம் அல்ல. 1953இல் இன்னோர் ஆட்டக்காரர் வழக்குப் போட்டார். தப்பு என்றால் நாடாளுமன்றம் திருத்தட்டும் என்றது நீதிமன்றம். 1972இல் கர்ட் ஃப்ளட் போட்ட வழக்கில், இது பொருந்தாத விதிவிலக்குதான் என்று ஒப்புக்கொண்டு, அதையே நீடிக்கவும் விட்டது. ஐம்பது வருடப் பொய்க்கு மரியாதை தர வேண்டாமா?

அமெரிக்காக்காரன் முட்டாள் என்று சிரிப்பவர்கள் ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை ஒரு நடை வந்துவிட்டுச் சிரிக்கலாம். நம்மிடம் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர் என்று சொல்கிறது. ஒரு பழகுநர் பெண் காலை ஏ ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். லைனில் நிற்கிறாள். மணிக்கு இத்தனை என்று டார்கெட். அவள் கை பட்ட பொருள் கப்பல் ஏறிப் போய் டாலராகத் திரும்புகிறது. ஆனால் அவள் தொழிலாளி அல்லள், கற்றுக்கொண்டிருக்கிறாள். எதைக் கற்றுக்கொள்கிறாள் என்று கேட்டால், ஒரு திருகாணியை முடுக்கக் கற்றுக்கொள்கிறாள். முதல் நாள் மத்தியானமே கற்றுக்கொண்டுவிட்டாள். மீதி மாதங்களெல்லாம் அந்தக் கல்வியின் மேற்படிப்பு.

இதற்கு மாற்றும் நம்மிடமே உண்டு, அதுவும் தமிழ்நாட்டுச் சரக்கு. 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம்: இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். எவ்வளவு அழகான எண் பாருங்கள், எண்ண வசதியாக இருக்கிறது. தொழிலாளியும் எண்ணுகிறார், கான்ட்ராக்டரும் எண்ணுகிறார். யார் முதலில் எண்ணி முடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கு நெருங்கும்போது ஒரு ‘பிரேக்’ விழும். ஆள் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, வேறு கான்ட்ராக்டர் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே லைனுக்கு வந்து நிற்பார். நாள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அணி மாறியிருக்கிறது, ஆட்டக்காரருக்குத்தான் விஷயம் தெரியாது. லோலருக்காவது மாற்றிய செய்தி பத்திரிகையில் வந்தது.

உடம்புக்கு வருவோம். கேட்சர்களின் விரல்களை மூடச் சொன்னால் பாதிக்கு மேல் மூடாது, அவ்வளவு உடைந்து கூடியவை. அதை அவர்கள் பெருமையோடு காட்டுவார்கள், படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். ஒரகடத்துப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற பட்டறைகளிலும் விரல் கதைகள் உண்டு. பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு கையாலும் அழுத்துகிற பொத்தான் இருக்கும். டார்கெட் எட்டாது என்று ஒரு பொத்தானை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நம் சட்டம் இதற்கும் தயாராக இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. முழுக் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. பல பத்தாண்டுகளாக விலை ஏறாத ஒரே சரக்கு. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே விலை என்பதைக் கவனிக்க வேண்டும். மோதிரம் போடுகிற வசதி இவனுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள் போலும்.

ராய் கேம்பனெல்லா இன்னொரு கேட்சர். கறுப்பர். நிறத்தைச் சொல்லிப் பெரிய லீகில் பல வருடம் சேர்க்காமல் வைத்திருந்து, 1948இல்தான் புரூக்லின் டாட்ஜர்ஸில் இடம் கொடுத்தார்கள். 1951, 1953, 1955 மூன்று முறையும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அப்படிப்பட்டவர் ஹார்லெமில் ஒரு மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தார் (நம் ஊர் போல அரசுக் கடை அல்ல, சொந்தக் கடை). ஆட்டத்தை மட்டும் நம்பி வயதான காலத்தைத் தள்ள முடியாது என்று மூன்று முறை விருது வாங்கியவருக்கே தெரிந்திருந்தது. 1958 ஜனவரி 28 அதிகாலையில் கடையிலிருந்து வீடு திரும்பும்போது பனியில் கார் சறுக்கி மோதியது. கழுத்துக்குக் கீழே உடம்பு போய்விட்டது.

அவருடைய அணி அதற்குள் ஊரையே விட்டுப் போயிருந்தது. புரூக்லினில் கேட்ட வசதி கிடைக்கவில்லை என்று டாட்ஜர்ஸ் முதலாளி மூட்டை கட்டி லாஸ் ஏஞ்சலிஸ் போனார். அங்கே சாவேஸ் ரவைன் என்ற இடத்தில் மைதானம் கட்ட நிலம். ஏழை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் இருந்த இடம். பொதுமக்களுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் முதலில் அவர்களைக் கிளப்பினார்கள். பிறகு வீட்டுத் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை அணிக்குக் கொடுத்தார்கள். 1959 மே 7ஆம் தேதி இரவு, சக்கர நாற்காலியில் வந்த கேம்பனெல்லாவுக்கு மரியாதை செய்ய லாஸ் ஏஞ்சலிஸில் 93,103 பேர் கூடினார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தீக்குச்சி கொளுத்திக் காட்டினார்கள், எல்லோரும் உருகினார்கள். மறுநாள் மே 8, போலீஸ் போய் சாவேஸ் ரவைனில் கடைசியாக மிச்சமிருந்த குடும்பங்களை வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வெளியே போட்டது. ஓர் இரவு இடைவெளி.

நாம் இந்த அளவுக்குக் கல்நெஞ்சர்கள் அல்லர், கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறோம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் கிராமசபை 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதையும் பத்திரமாகக் கோப்பில் வைக்கிறோம்.

ஆள் பிடிக்கும் கலையிலும் பேஸ்பால்காரர்கள்தான் நமக்கு ஆசான். பிராஞ்ச் ரிக்கி என்பவர் ‘பண்ணை’ முறையைக் கொண்டுவந்தார். சின்ன ஊர்களில் குட்டி அணிகள், அங்கே விளைகிற பையன்களைப் பெரிய அணி அறுத்துக்கொள்ளும். 1949இல் அப்படி 59 சிறு லீகுகள் இருந்தன. பெரும்பாலான பையன்கள் அங்கேயே முழங்காலைத் தேய்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நமக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம். ஏஜெண்டு வருவார், பிளஸ் டூ முடித்த பெண்களை வேனில் ஏற்றுவார், ஹாஸ்டலில் இறக்குவார். வயது பதினெட்டிலிருந்து இருபத்துச் சொச்சம். கண் நன்றாகத் தெரிய வேண்டும், விரல் நுணுக்கமாக இருக்க வேண்டும், கேள்வி கேட்கிற பழக்கம் இருக்கக் கூடாது.

கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. பிள்ளை பெறுவார்கள், லீவு போடுவார்கள், மெட்டி போட்டு வருவார்கள், உற்பத்தி கெடும் என்பவையெல்லாம் காரணமாக வந்தன. கம்பெனி மறுத்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். மெட்டியால் இத்தனை கடிதப் போக்குவரத்து நடந்தது நம் வரலாற்றில் முதல் தடவையாக இருக்கும். யாங்கீஸின் புகழ்பெற்ற கேட்சர் யோகி பெர்ராவுக்கு மூன்று பையன்கள். வீட்டில் பிள்ளை அழுகிறது, இவர் பந்தைக் கோட்டைவிடுவார் என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் கால் தளர்ந்தபோதுகூட இடப்பக்கக் களத்துக்கு மாற்றிப் பின்னும் சில வருடம் ஆடவிட்டார்கள். நம் லைனில் இடப்பக்கக் களம் கிடையாது.

2021 டிசம்பர் நடுவில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு நஞ்சானது. 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். யார் எங்கே இருக்கிறார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. செத்துப்போனார்கள் என்று பேச்சு பரவியது. உலகத்தின் அதிநவீனத் தகவல் தொடர்புக் கருவியைக் கையால் பூட்டுகிற பெண்களுக்கு, பக்கத்துப் பாய்க்காரி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் காது கேட்டது. வதந்தி பரப்பினார்கள் என்று ஆள் பிடித்தது போலீஸ். ஆலை கொஞ்ச நாள் மூடப்பட்டது. ஹாஸ்டலும் சாப்பாட்டு அறையும் எங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கண்டுபிடித்தது. அதுவரை அந்தத் தரம் எந்த டிராயரில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மானங்கெட்டவர்கள், பெண்கள் தரையில் படுத்து எழுந்து வேலைக்கு வந்தது தெரியாமலா போன் கணக்குச் சரியாக வந்தது?

அதன் பிறகு நல்லது நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்குகிற பெரிய விடுதி கட்டியது. 2024 ஆகஸ்ட் 17இல் முதலமைச்சர் திறந்தார். தரையில் பாய் விரித்ததற்குக் கட்டில் மேல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 18,720 பேர் தங்க இடம் கட்டிய ஊரில், அதில் ஒருத்திக்குக் கல்யாணமானால் எங்கே போவாள் என்பதற்கு வரைபடத்தில் இடம் விடவில்லை. அது வீடு அல்ல, பெவிலியன். ஆட்டம் முடிந்தால் காலி செய்ய வேண்டும்.

ஆட்டம் எப்போது முடியும்? நோக்கியாவைக் கேளுங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று அரசு வாரிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கிச் செத்தாள், லைன் ஓடியது. பிறகு வரித் தகராறு. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1இல் மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அன்றைக்கு இருபத்தாறு. கையில் செட்டில்மென்ட் பணம், எட்டு வருட அனுபவம், போன் பூட்டத் தெரியும். லோலர் சிகாகோவுக்கு மாற்றப்பட்டபோது அவருக்கு இருபத்தேழு. அவருடைய நல்ல காலமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது, பன்னிரண்டு சீசன் அங்கே ஆடினார். நம் பிள்ளைகள் அந்த வயதில் விருப்பப்பட்டு ஓய்வெடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது சால்காம்ப் சார்ஜர் செய்கிறது. புதுப் பதினெட்டுகள் உள்ளே போகின்றன.

இவ்வளவும் யோசித்துப் பார்த்து, அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்தேன். தொழிலாளர் நலத்துறைக்கு அல்ல, விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கு. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள நிலப்பரப்பை ஒரே விளையாட்டு மைதானமாக அரசிதழில் அறிவித்துவிட வேண்டும். அமெரிக்க முன்னுதாரணம் கைவசம் இருக்கிறது: விளையாட்டு வணிகம் அல்ல. வணிகம் இல்லாத இடத்தில் தொழில் தகராறு எங்கிருந்து வரும்? ஷிப்டை இன்னிங்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்து, மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்தே அதை வாபஸ் வாங்க நேர்ந்த சங்கடம் வந்திருக்காது. ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் யார் வெளிநடப்புச் செய்வார்கள்? கைதட்டுவார்கள்.

விளையாட்டு என்றால் அரசு தூங்குவதும் இல்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு இரவும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிக் கார் பந்தயம் விட்டது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 9இல், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலமைச்சர் அப்போது முதலீடு ஈர்க்க அமெரிக்காவில் இருந்தார். அந்தப் பயணத்தில்தான் சிகாகோ ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டிய படம் வெளியானது. 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டவர்களின் ரத்தம் சிந்தி மே தினம் பிறந்த ஊர் அது. லோலர் முழங்காலைத் தேய்த்த ஊரும் அதுவே. சைக்கிள் இரண்டு இடத்திலும் நின்றதாகச் செய்தி இல்லை.

சாம்சங்காரர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். கேட்டது சம்பளமும்தான், ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பது. அக்டோபர் 7இல் அமைச்சர்கள் வந்து கம்பெனிக்கும் தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ஆடுகிறவர்கள் பந்தலிலேயே இருக்கிறார்கள், பார்வையாளர் மேடையிலிருந்து ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். இரண்டு நாளில் போலீஸ் வந்து பந்தலைப் பிரித்தது. தொழிலாளர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. எழுதி முடித்த பிறகுதான் அதில் ஓர் ஆபத்து இருப்பது புரிந்தது, அரசுக்குக் கெடுதல் செய்யக் கூடாது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் 1966இல் தங்கள் சங்கத்துக்குத் தலைவராகக் கூட்டி வந்தது யாரை? மார்வின் மில்லரை. பந்து பிடிக்கத் தெரியாது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதாரம் பார்த்தவர். வெளியாள், சங்கக்காரன், ஆட்டத்தையே அழித்துவிடுவான் என்று முதலாளிகள் வீடு வீடாகச் சொல்லாத குறை. ஆட்டக்காரர்கள் வாக்களித்து அவரையே வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் குறைந்தபட்ச ஊதியம் 6,000 டாலரிலிருந்து 10,000 ஆனது. 1975 டிசம்பர் 23இல் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திர ஆள். தீர்ப்புச் சொன்ன கையோடு முதலாளிகள் சைட்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. லோலர் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1977இல் இறந்தார், ஆனால் அவருக்கு அதனால் பத்துக் காசு பிரயோசனம் இல்லை.

சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்துக்கும் வெளியாள் என்ற பேச்சு வந்தது. அதைவிடப் பெரிய பேச்சு பெயரைப் பற்றியது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்று போடக் கூடாது, அது எங்கள் வணிக முத்திரை என்று கம்பெனி ஆட்சேபம் சொன்னது. சட்டையில் அந்தப் பெயர், கழுத்து அட்டையில் அந்தப் பெயர், செய்து அனுப்புகிற பிரிட்ஜின் நெற்றியில் அந்தப் பெயர். அதையெல்லாம் சுமக்கலாம், சங்கப் பலகையில் மட்டும் எழுதக் கூடாது. ஒரு பெயர்ப் பலகையைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 27இல் பதிவு ஆனது. பிப்ரவரி பிறந்ததும் சங்க நிர்வாகிகள் மூன்று பேரைக் கம்பெனி பணியிடை நீக்கம் செய்தது. தொழிலாளர்கள் மறுபடி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் போன கடிதத்தின் தலைப்பில் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்திருக்கும். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதாக அதன் மேல் யாரும் வழக்குப் போடவில்லை.